படை போன பின்னும் பானையில் நின்றவை

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

முன்னுரை

சென்ற தை மாதத்தில் ஒரு நாள் வேதியியல் துறைக்கு எதிரே உள்ள வேப்பமர நிழலில் நாங்கள் ஐவர் மதிய உணவுக்கு அமர்ந்தோம். என் டப்பாவில் அன்று வேகவைத்த குச்சிக்கிழங்கு. மரவள்ளியை ஆத்தூர்ப் பக்கத்தில் நாங்கள் குச்சிக்கிழங்கு என்றே சொல்வோம். நண்பர் ஒருவர் எட்டிப் பார்த்து, "எங்க ஊர்ல இதை மாட்டுக்குப் போடுவோம்" என்றார். எல்லோரும் சிரித்தனர். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மூடியைப் போட்டுவிட்டேன்.

அன்று வீடு திரும்பும்வரை பேருந்தில் என்னை உறுத்தியது நண்பரின் சொல் அன்று, என் சிரிப்புத்தான். என் தாயார் ஜவ்வரிசி ஆலையில் கிழங்குத் தோல் சீவும் வேலை செய்பவர். அந்தக் கூலியில்தான் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஒருவன் கல்லூரி வாசலை மிதித்திருக்கிறேன். அப்படியிருக்க, அந்தக் கிழங்கை மறைக்க என் கை ஏன் அவ்வளவு விரைந்தது?

இரவு அம்மாயியிடம் இதைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அதை விடு கண்ணு. உங்க பெரிய அம்மாயி சாகற மட்டும் இதைக் கையில தொட்டதில்ல, தெரியுமா? மூணு வருசம் மலாயாவுல தின்னது போதும்னுரும்" என்றார்.

பெரிய அம்மாயி என்பவர் அம்மாயியின் தாயார். 1932இல் மலாயாவில் பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். போருக்குப் பின் 1946இல் கப்பலேறி நாகப்பட்டினம் வந்து சேர்ந்தவர். என் பன்னிரண்டாம் வயதில் அவர் காலமானார். ஊர் முழுதும் கிழங்கை நட்டு, பிடுங்கி, சீவி வயிறு வளர்க்க, அவர் மட்டும் அதை உண்ணாதிருந்தது எனக்கு அதுவரை தெரியாது.

ஒரு கிழங்கை ஒருவர் இழிவென்று தள்ளுகிறார். இன்னொருவர் கொடுமையின் நினைவென்று தள்ளுகிறார். இவ்விரண்டுக்கும் இடையே என்ன நடந்தது என்று அறியக் கல்லூரி நூலகத்தில் புகுந்தேன். மலாயாவைப் பற்றித் தேடப் போனவனுக்கு வியட்நாமும் கொரியாவும் சேர்ந்து கிடைத்தன. அந்நியப் படை ஒரு நாட்டில் கால் வைத்தால் அரசு மட்டுமா மாறுகிறது? அடுப்பும் மாறுகிறது. அது எவ்வாறு மாறுகிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மூன்று வழிகள்

நான் படித்தவற்றைத் தொகுத்துப் பார்க்கையில், ஒரு படை பிறர் நாட்டுச் சமையலை மூன்று வழிகளில் மாற்றுவதாகத் தோன்றியது. ஒன்று, தன் உணவைக் கொண்டுவருகிறது. இரண்டு, அந்நாட்டார் உணவைப் பறித்துக்கொள்கிறது. மூன்று, தான் தின்று மிஞ்சியதை எறிந்துவிட்டுப் போகிறது. முதல் வழிக்கு வியட்நாமையும், இரண்டாவதற்கு மலாயாவையும், மூன்றாவதற்குத் தென் கொரியாவையும் சான்றாக எடுத்துக்கொள்கிறேன். உண்மையில் எந்த நாட்டிலும் இம்மூன்றும் கலந்தே இருந்தன. விளக்கத்தின் பொருட்டே இப்பிரிவு.

கொண்டுவந்த படை: வியட்நாம்

பிரெஞ்சுப் படை 1858இல் வியட்நாமைத் தாக்கியது. 1859இல் சைகோனைப் பிடித்தது. படைவீரருக்கும் அதிகாரிகளுக்கும் ரொட்டி வேண்டும், மாட்டிறைச்சி வேண்டும், பாலும் காப்பியும் வேண்டும். வியட்நாமோ நெல் விளையும் நாடு. அங்கே கோதுமை விளையாது; மாடு உழவுக்கு, உணவுக்கு அன்று. எனவே கோதுமை மாவு கப்பலில் வந்தது. நீண்ட பிரெஞ்சு ரொட்டியை மக்கள் முதலில் 'மேற்கத்தியர் பண்டம்' என்னும் பொருள்பட 'பான் தாய்' என்றனர். காலப்போக்கில் 'மேற்கத்தியர்' என்ற அடைமொழி உதிர்ந்து, கோதுமைப் பண்டம் என்னும் பொருளில் 'பான் மீ' ஆயிற்று. ஒரு சொல் மாறிய இவ்வளவிலேயே ஓர் உணவு அந்நியம் நீங்கி வீட்டுக்குள் வந்த கதை அடங்கியிருக்கிறது.

ஆனால் பிரெஞ்சுக்காரர் ஆண்டவரையில் ரொட்டி பெரும்பாலும் பணம் படைத்தோர் உணவாகவே இருந்தது. 1954இல் பிரெஞ்சு ஆட்சி முடிந்து நாடு இரண்டாகப் பிரிந்தபோது வடக்கிலிருந்து பல இலட்சம் மக்கள் தெற்கே குடிபெயர்ந்தனர். அவர்களுள் சிலர் சைகோனில் சிறு கடைகள் வைத்தனர். 1958இல் தொடங்கிய 'ஹோவா மா' என்னும் கடை அவ்வகையில் புகழ் பெற்றது. தட்டில் தனித்தனியே வைத்து உண்ட ரொட்டி, இறைச்சி முதலியவற்றை ரொட்டியின் வயிற்றைப் பிளந்து உள்ளேயே வைத்துக் கொடுத்தார்கள். வேலைக்குப் போகும் கூலியாளும் கையில் பிடித்துத் தின்றுகொண்டே நடக்கலாம். ஊறவைத்த கேரட்டும் முள்ளங்கியும், கொத்துமல்லித் தழையும், பச்சை மிளகாயும் அதில் சேர்ந்தன. இன்று உலகம் 'பான் மீ' என்று அறிவது இதைத்தான். ஆண்டவர் கொண்டுவந்த ரொட்டி, அவர் போன பின்பே அந்நாட்டு மக்களின் உணவாயிற்று என்பது கவனிக்கத்தக்கது.

மாட்டெலும்பைக் கொதிக்கவைத்த சாற்றில் அரிசிச் சேவை இட்டு உண்ணும் 'ஃபோ' என்னும் புகழ்பெற்ற உணவும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட வியட்நாமில் தோன்றியது. பிரெஞ்சுக்காரருக்காக மாடுகள் வெட்டப்பட்டபோது விலை போகாமல் கிடந்த எலும்புகளே அதற்கு வழி வகுத்தன என்று உணவு வரலாறு எழுதுவோர் பலர் கருதுகின்றனர்.

தமிழராகிய நமக்கும் இங்கே ஒரு தொடர்பு உண்டு. பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளிலிருந்து தமிழர் பலர் சைகோனுக்குச் சென்று அலுவலகங்களிலும் வாணிகத்திலும் ஈடுபட்டனர். அவர்கள் வழிபட்ட மாரியம்மன் கோயில் அந்நகரில் இன்றும் உள்ளது. தெற்கு வியட்நாமில் தேங்காய்ப் பாலும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சேர்த்துச் சமைக்கும் கோழிக் குழம்பின் பெயர் 'கா ரி'. நம் கறிதான் அது! அதைப் பிரெஞ்சு ரொட்டியால் தொட்டு உண்கிறார்கள். ஒரே கிண்ணத்தில் தமிழகம், பிரான்சு, வியட்நாம் மூன்றும்!

எனினும் இந்தச் சுவையான பகுதியோடு நிறுத்திவிடுவது நேர்மையாகாது. 1940இல் ஜப்பானியப் படையும் வியட்நாமில் நுழைந்தது. பிரெஞ்சு நிர்வாகமும் ஜப்பானியப் படையும் ஒருசேர அந்த நாட்டின்மீது அமர்ந்திருந்தன. நெல்லைக் கட்டாயமாகக் கொள்முதல் செய்தனர். நெல் வயல்களில் சணல் பயிரிட வைத்தனர். குண்டுவீச்சில் இரயில் பாதைகள் அழிந்தன, வெள்ளமும் சேர்ந்துகொண்டது. 1944–45இல் வடபகுதியில் வந்த பஞ்சத்தில் மாண்டவர்களின் தொகையை 4 இலட்சம் முதல் 20 இலட்சம் வரை பலவாறு மதிப்பிடுகின்றனர். ரொட்டியைக் கொண்டுவரும் அதே ஆட்சி சோற்றை எடுத்துப் போகவும் வல்லது.

பறித்துக்கொண்ட படை: மலாயா

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் மலாயாவின் கோத்தா பாருவில் கரையிறங்கினர். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைந்தது. 'சியோனான்' என்று புதுப்பெயர் சூட்டப்பட்டது. அன்று முதல் 1945 செப்டம்பர் வரை மூன்றரை ஆண்டுகள் மலாயா ஜப்பானியர் கையில் இருந்தது.

அந்நாட்டின் உணவு நிலை அதற்கு முன்பே ஒற்றைக் காலில் நின்றது. ஆங்கிலேயர் மலாயாவை ரப்பருக்கும் ஈயத்துக்குமாகவே வளர்த்தனர். மக்களுக்கு வேண்டிய அரிசியில் பாதிக்கும் மேல் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வந்தது. போர் வந்ததும் கப்பல்கள் படைக்குச் சென்றன. பல கடலில் மூழ்கின. பர்மாவில் விற்க வழியின்றி நெல் தேங்கியது; மலாயாவில் உலை வைக்க அரிசியில்லை. ஜப்பானியர் ஒவ்வொரு பகுதியும் தன் உணவைத் தானே விளைவித்துக்கொள்ள வேண்டும் என்றனர். இருந்த அரிசியில் முதற் பங்கு படைக்குப் போயிற்று.

சிங்கப்பூரில் 1944ஆம் ஆண்டளவில் பங்கீட்டு அரிசி ஆணுக்கு மாதம் 8 காத்தி, பெண்ணுக்கு 6, சிறுவருக்கு 4 என்று சுருங்கியது. ஒரு காத்தி ஏறத்தாழ 600 கிராம். அப்படியானால் உழைக்கும் ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு 160 கிராம்; குழந்தைக்கு 80 கிராம். கள்ளச் சந்தையில் வாங்கலாமென்றால் பணத்துக்கு மதிப்பில்லை. ஜப்பானியர் அச்சிட்ட பத்து வெள்ளித் தாளில் வாழைமரம் இருந்ததால் மக்கள் அதை 'வாழைமரக் காசு' என்றே கேலியாக அழைத்தனர்.

அரிசியின் இடத்தைப் பிடித்தது மரவள்ளி. தண்டை ஒடித்து நட்டால் போதும்; மட்டமான மண்ணிலும் வளரும்; வேண்டும்போது பிடுங்கிக்கொள்ளலாம். ஊர்தோறும், வீட்டு முற்றத்திலும் விளையாட்டுத் திடலிலும் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நடச் சொன்னார்கள். கேழ்வரகும் விதைத்தார்கள். மரவள்ளி மாவில் ரொட்டி, மரவள்ளி மாவில் சேவை, மரவள்ளிக் கஞ்சி என்று மூன்று வேளையும் அதுவே. கடலெண்ணெய் வராத இடத்தில் சிவந்த பனையெண்ணெயில் தாளித்தார்கள்.

பெரிய அம்மாயி சொன்னதாக அம்மாயி எனக்குச் சொன்னவை இவை. காலையில் கிழங்கு, நண்பகலில் கிழங்கு மாவைக் கரைத்துக் காய்ச்சிய கூழ், இரவில் கிழங்கின் இளந்தழையை அவித்து, இருந்தால் உப்புப் போட்டு உண்பது. உப்பு இல்லாத நாளே மிகுதி. தோட்டத்தில் பசி பொறுக்காத ஒரு சிறுவன் தோல்கூடச் சரியாக உரிக்காமல் கிழங்கைச் சுட்டுத் தின்று, மயங்கி விழுந்து, பொழுது விடிவதற்குள் இறந்துபோனான். பெரிய அம்மாயியின் தந்தையாரை 1943இல் 'சயாமுக்கு ரயில் போட' என்று லாரியில் ஏற்றிச் சென்றார்கள். அவர் திரும்பவில்லை.

சயாமையும் பர்மாவையும் இணைத்த 415 கிலோமீட்டர் இரயில் பாதை அது. 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். அங்கே மாண்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல் என்று கணக்கு உண்டு; அவர்களுக்குக் கல்லறைத் தோட்டங்களும் உண்டு. அவர்களைப் போலப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர் மாண்டனர். அவர்களுள் மலாயாத் தோட்டத் தமிழர் பெருந்தொகையினர். அவர்கள் பெயரை எவரும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை.

கிழங்கின் வேதியியல்

அச்சிறுவன் ஏன் இறந்தான்? இவ்வினாவுக்கு நாம் படிக்கும் பாடத்திலேயே விடை இருக்கிறது. மரவள்ளியில் 'லினமாரின்' என்னும் சேர்மம் உள்ளது. அதே கிழங்கில் அதைச் சிதைக்கும் 'லினமரேஸ்' என்னும் நொதியும் உள்ளது. கிழங்கு முழுதாக இருக்கும்வரை இரண்டும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. வெட்டினாலோ துருவினாலோ கடித்தாலோ இரண்டும் சந்திக்கின்றன. அப்போது லினமாரின் சிதைந்து, இறுதியில் அசிட்டோனும் ஹைட்ரஜன் சயனைடும் உண்டாகின்றன. ஹைட்ரஜன் சயனைடு கொடிய நஞ்சு என்பது ஆய்வகத்தில் நமக்குச் சொல்லப்படும் முதல் எச்சரிக்கைகளில் ஒன்று. இனிப்பு வகைக் கிழங்கில் லினமாரின் குறைவு. கசப்பு வகையில் மிகுதி. தோலில் இன்னும் மிகுதி.

அதே வேதியியல்தான் தப்பும் வழியையும் காட்டுகிறது. ஹைட்ரஜன் சயனைட்டின் கொதிநிலை ஏறத்தாழ 26 டிகிரி செல்சியஸ். ஆகவே தோல் நீக்கி, சிறு துண்டாக நறுக்கி, நிறைய நீரில் பாத்திரத்தை மூடாமல் வேகவைத்தால் அது ஆவியாகிப் போய்விடும். மிச்ச லினமாரின் நீரில் கரைந்திருக்கும். அந்நீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். துருவிப் பிழிந்து உலர்த்தினால் நஞ்சு இன்னும் நன்றாக நீங்கும். என் தாயார் கிழங்கு வேகும்போது மூடி போட்டால் கையைத் தட்டிவிடுவார். காரணம் கேட்டால், "மூடக் கூடாது, அவ்வளவுதான்" என்பார். லினமரேஸ் என்ற பெயரை அவர் கேட்டதில்லை. பாடநூல் சொல்லும் முறையும் அவர் கைப்பழக்கமும் ஒன்றாக இருப்பதை உணர்ந்த அன்று என் பாடநூலின்மீது எனக்கு மதிப்புக் கூடியது. என் தாயார்மீது அதைவிடக் கூடியது.

நஞ்சு நீங்கினாலும் குறை நீங்குவதில்லை. அரிசியில் புரதம் ஏறத்தாழ 7 விழுக்காடு. பச்சைக் கிழங்கிலோ 1 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். வயிறு நிறையும்; உடல் தேறாது. தையமின் என்னும் வைட்டமின் பி1 பற்றாமல் 'பெரிபெரி' வந்து கால் வீங்கும்; இதயம் தளரும். இந்நோயின் காரணத்தைக் கண்டறிந்த கதையும் ஒரு படையெடுப்போடு தொடர்புடையது என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். சுமத்திராவின் ஆச்சே பகுதியில் 1873 முதல் போரிட்ட டச்சுப் படைக்குள் பெரிபெரி பரவியது. அதை ஆராய டச்சு அரசு ஒரு குழுவை அனுப்பியது. அதில் வந்த ஐக்மன், பத்தாவியா இராணுவ மருத்துவமனையில், தீட்டிய வெள்ளரிசி தின்ற கோழிகள் நடக்க மாட்டாமல் விழுவதையும், தவிடு நீங்காத அரிசி கொடுத்தால் தேறுவதையும் கண்டார். 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. படையைக் காப்பாற்றப் பிறந்த அந்த அறிவு, அரை நூற்றாண்டு கழித்துச் சயாம் இரயில் பாதையில் இறந்த கூலிகளைக் காப்பாற்றவில்லை. அறிவு ஓரிடத்தில் இருந்தது. அரிசியும் அதிகாரமும் வேறிடத்தில் இருந்தன.

எறிந்துவிட்டுப் போன படை: கொரியா

கொரியா 1910 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் இருந்தது. ஜப்பான் தோற்றபின் தெற்குப் பாதியில் 1948 வரை அமெரிக்க இராணுவ ஆட்சி நடந்தது. 1950 ஜூன் 25இல் மூண்ட கொரியப் போர் 1953 ஜூலை 27இல் ஓய்ந்தது. போர் ஓய்ந்தும் அமெரிக்கப் படை அங்கேயே தங்கிவிட்டது. நாடோ சாம்பல் மேடாகக் கிடந்தது.

படைமுகாமின் உணவுக்கூடத்தில் மிஞ்சியவற்றை வெளியே கொண்டுவந்து, ஒன்றாகக் கொதிக்கவைத்துச் சந்தையில் கிண்ணக் கணக்கில் விற்றார்கள். அதற்கு 'குல்குரி ஜுக்' என்று பெயர். பன்றிக் கஞ்சி என்பது பொருள். கடித்த பல் தடம் உள்ள இறைச்சித் துண்டும் சில நேரம் சிகரெட்டுத் துண்டும் அதில் கிடக்கும். அதற்கும் மக்கள் வரிசையில் நின்றார்கள். பெயரைக் கவனியுங்கள். "மாட்டுக்குப் போடுவோம்" என்று என் டப்பாவைப் பார்த்து நண்பர் சொன்னார். அந்த மக்களோ தாங்கள் தின்றதைத் தாங்களே பன்றிக் கஞ்சி என்று அழைத்தார்கள்.

அந்தக் கஞ்சிக்கு நின்ற வரிசையைச் சியோல் நகரச் சந்தையில் கண்டு வருந்திய ஒருவரே பின்னர் சாம்யாங் என்னும் நிறுவனத்தின் வழியாக 1963இல் கொரியாவின் முதல் உடனடி நூடுல்ஸைச் செய்து விற்றார் என்பர். இதனிடையே, சியோலுக்கு வடக்கே அமெரிக்க முகாம்கள் சூழ்ந்த உய்ஜொங்பு நகரில் வேறொன்று நடந்தது. முகாமிலிருந்து மறைவாக வெளியே வந்த ஸ்பாம் என்னும் டப்பா இறைச்சியையும் சாசேஜையும் முதலில் வாணலியில் வதக்கி விற்றார்கள். சோற்றுக்குச் சாறு வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்கவே, கிம்ச்சி என்னும் புளித்த முட்டைக்கோசையும் மிளகாய் விழுதையும் சேர்த்துக் கொதிக்கவைத்தார்கள். அதுவே 'புடே ஜிகே'. 'புடே' என்றால் படைப் பிரிவு; 'ஜிகே' என்றால் குழம்பு. படைக் குழம்பு என்று தமிழில் சொல்லலாம். பின்னாளில் உடனடி நூடுல்ஸும் அந்தப் பாத்திரத்திலேயே வந்து சேர்ந்தது. 1966இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான்சன் கொரியா வந்து சென்றார். சியோலில் இதன் ஒரு வகைக்கு 'ஜான்சன் சாறு' என்ற பெயரும் உண்டு.

இக்குழம்பைத் தொடங்கிய கடைகளுள் முதன்மையானதாகச் சொல்லப்படுவது உய்ஜொங்புவில் 1960இல் ஓர் அம்மையார் தொடங்கிய 'ஓடேங்' உணவகம். 'ஓடேங்' என்பது மீன் மாவில் செய்த பண்டம். அச்சொல் ஜப்பானியரிடமிருந்து வந்தது. கடையின் பெயர்ப்பலகையில் ஜப்பானிய ஆட்சி. உள்ளே பாத்திரத்தில் அமெரிக்கப் படை. அடுப்பை ஊதியவரோ கொரியப் பெண்மணி. வரலாற்றுப் பேராசிரியர் ஒரு மணி நேரம் நடத்தும் பாடத்தை அந்த ஒரு கடை சொல்லிவிடுகிறது.

இன்று தென் கொரியா செல்வம் மிக்க நாடு. கலப்பில்லாத நல்ல இறைச்சி எளிதில் கிடைக்கும். ஆயினும் புடே ஜிகேயைக் கல்லூரி மாணவர்கள் சுற்றியமர்ந்து விரும்பி உண்கிறார்கள். உய்ஜொங்புவில் அதற்கென ஒரு தெருவே இருக்கிறது. ஒருகாலத்தில் கடத்தல் பொருளாயிருந்த ஸ்பாம், அறுவடைத் திருநாளில் உறவினருக்குக் கொடுக்கும் பரிசுப் பெட்டியாகிவிட்டது.

நம் தட்டிலும் அந்தப் போர்

இவையெல்லாம் கடல் கடந்த கதைகள் என்று எண்ண வேண்டா. 1942 மார்ச்சில் இரங்கூன் ஜப்பானியர் வசமானதும் தென்னிந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசியும் நின்றது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தையும் உள்ளடக்கிய அன்றைய திருவிதாங்கூரில் ஏழை வீடுகள் மரவள்ளியைக் கொண்டே உயிர் பிழைத்தன. பெங்களூரில் அரிசித் தட்டுப்பாட்டின்போது ரவையில் இட்லி வார்த்துப் பார்த்ததே ரவா இட்லியின் தொடக்கம் என்று மாவள்ளி டிபன் ரூம்ஸ் உணவகத்தார் கூறுகின்றனர்.

எங்கள் சேலம் மாவட்டக் கதை இன்னும் நெருக்கமானது. ஜாவா அரிசி என்பதே ஜவ்வரிசி ஆயிற்று என்பர். போருக்கு முன் ஜவ்வரிசியும் கிழங்கு மாவும் மலாயா, ஜாவா முதலிய கீழ்த்திசை நாடுகளிலிருந்தே வந்தன. அந்நாடுகள் ஜப்பானியரிடம் விழுந்ததும் வரத்து அற்றது. அப்போதுதான், 1943ஆம் ஆண்டளவில், சேலத்து வணிகர் ஒருவரும் மலாயாவிலிருந்து வந்த, செய்முறை அறிந்த ஒருவரும் சேர்ந்து மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழிலைச் சேலத்தில் தொடங்கினர். அசல் ஜவ்வரிசி ஒருவகைப் பனையின் சோற்றிலிருந்து எடுப்பது. நம்முடையது கிழங்கிலிருந்து எடுப்பது. ஆலைகள் பெருகி, 1981இல் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இதைப் படித்த அன்று நூலகத்தில் நெடுநேரம் புத்தகத்தை மூடாமல் அமர்ந்திருந்தேன். எந்தப் படையெடுப்பு பெரிய அம்மாயியின் தந்தையாரைக் கொண்டுபோய், அவர் வாயில் மூன்றாண்டு கிழங்கை மட்டுமே இட்டதோ, அதே படையெடுப்புத்தான் எங்கள் ஊரில் ஜவ்வரிசி ஆலை தோன்றவும் காரணமாயிற்று. அந்த ஆலையில்தான் அவருடைய பேத்தி தோல் சீவுகிறார். அந்தக் கூலியில்தான் கொள்ளுப்பேரன் நான் படிக்கிறேன். இதற்காக அப்படைக்கு நன்றி சொல்ல என்னால் இயலாது. ஆலையின்மேல் கோபம் கொள்ளவும் இயலவில்லை. இரண்டையும் ஒருசேர நினைவில் வைத்திருப்பதே என் கடமை என்று மட்டும் தோன்றியது.

ஆராய்ச்சி

ஒரு வினா எஞ்சுகிறது. வியட்நாமியர் ரொட்டியைத் தமதாக்கிக்கொண்டனர். கொரியர் எச்சிற் கஞ்சியிலிருந்து ஒரு விருந்தையே படைத்துக்கொண்டனர். மலாயாவில் போர்க்காலத்தைக் கண்ட முதியவர் பலர் மட்டும் ஏன் மரவள்ளியைச் சாகும்வரை வெறுத்தனர்?

எனக்குத் தோன்றும் விடை இது. அந்நியன் தந்த பொருள் தானாகவே ஒருநாட்டு உணவாகிவிடுவதில்லை. அதனோடு சேர்க்கத் தம்முடையது என்று ஏதேனும் ஒன்று கையில் இருக்க வேண்டும். வியட்நாமியரிடம் தழையும் மிளகாயும் மீன் சாறும் இருந்தன. கொரியரிடம் கிம்ச்சி இருந்தது. தம்முடையதைச் சேர்த்துக் கிளறும்போது உண்பவர் சமைப்பவராகிறார், தந்தவன் மறைந்துவிடுகிறான். மலாயாத் தோட்டத்திலோ சேர்ப்பதற்கு உப்புக்கூட இல்லை. அங்கே சமையலே நடக்கவில்லை. உயிரைப் பிடித்து வைத்தல் மட்டுமே நடந்தது. ஆகவே அந்தக் கிழங்கு உணவாக மாறாமல் நினைவாகவே நின்றுவிட்டது. அதே நாட்டில் இன்று தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் சேர்த்தோ, சம்பலைத் தொட்டோ மரவள்ளியை மகிழ்ச்சியோடு உண்கிறார்கள். கிழங்கு அதுவேதான். உடன் சேர்க்கப் பொருளும், வேண்டாமென்று சொல்ல உரிமையும் வந்துவிட்டன.

வேண்டாம் என்று சொல்லும் உரிமை! பெரிய அம்மாயி எழுபது ஆண்டுகள் கிழங்கைத் தொடாதிருந்தது வெறும் வெறுப்பு அன்று என்று இப்போது நினைக்கிறேன். மூன்றரை ஆண்டு மறுக்க முடியாதிருந்த ஒன்றை அவர் நாள்தோறும் மறுத்துக்கொண்டிருந்தார். என் மறுப்பு அப்படிப்பட்டதன்று. நான் பிறர் சிரிப்புக்கு அஞ்சி மூடியைப் போட்டவன்.

முடிவுரை

நண்பர்களே! போரைப் பற்றிப் படிக்கும்போது தேதிகளையும் தளபதிகளையும் மனப்பாடம் செய்கிறோம். அந்தத் தேதிகளில் அடுப்பில் என்ன வெந்தது என்று கேட்பதில்லை. சரணடைந்த அந்தப் பிப்ரவரி 15ஐச் சிங்கப்பூர் இன்று முழுமைத் தற்காப்பு நாளாக நினைவுகூர்கிறது. கொரியாவில் ஒரு தெருவே நினைவுச் சின்னமாக நிற்கிறது. நம் வீடுகளில் அந்நினைவு எங்கும் எழுதப்படவில்லை. பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்கள், மலாயாவிலிருந்து கப்பலில் வந்தவர்கள், பஞ்சத்தில் கூழ் குடித்தவர்கள் ஆகியோரின் பிள்ளைகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இந்த விடுமுறையில் உங்கள் வீட்டு முதியவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்க அம்மா எதைச் சாப்பிட மாட்டாங்க?" கிடைக்கும் விடையை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். நான் கேட்கத் தவறியவன். என் பெரிய அம்மாயியிடம் நேரில் கேட்க எனக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தும் கேட்கவில்லை.

இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருந்த வாரத்தில் அம்மா மீண்டும் கிழங்கு கொடுத்தனுப்பினார். வேப்பமரத்தடியில் டப்பாவைத் திறந்து நடுவில் வைத்தேன். அன்று சிரித்த நண்பர் ஒரு துண்டு எடுத்தார். பிறகு இன்னொன்று எடுத்தார். "இதுக்கு மிளகாய்ப் பொடி இருந்தா நல்லா இருக்குமே" என்றார். மறுநாள் அவரே தம் வீட்டிலிருந்து மிளகாய்ப் பொடி கொண்டுவந்தார்.